டிக்கெட் இல்லாத டிரிப்

வேலுமணியின் சட்டைப் பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பஸ் திருச்செங்கோட்டைத் தாண்டிச் சங்ககிரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் போனுமாக வண்டி ஓட்டுகிற டிரைவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. போனை எடுத்துப் பின்னால் நீட்டினான்.

“ஜீவா, யாருன்னு கேளு.”

ஜீவா அன்றைக்கு மாற்று ஆளாக வந்த கண்டக்டர். போனைக் காதில் வைத்தவனின் முகம் போன போக்கைக் கண்ணாடியில் பார்த்ததுமே வேலுமணி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

“அமுதாக்காங்ணா. முடி வெட்டிட்டு வாரேன்னு வெள்ளெனப் போனவரு இன்னும் ஊடு வந்து சேரலையாம். போனையும் ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாராம்.”

“எங்க போயிருப்பாருன்னு கேளு.”

“தெரியலைன்னு அழுவுறாங்க.”

காணாமல் போனவர் அமுதாவின் புருஷன் தங்கமுத்து, இதே செங்கோட்டுவேலன் பஸ்ஸின் கண்டக்டர். ஜேடர்பாளையத்திலிருந்து திருச்செங்கோடு, சங்ககிரி வழியாகச் சேலம் போய்த் திரும்புகிற இந்த வண்டியில் வேலுமணி ஸ்டியரிங்கைப் பிடித்த நாள் முதலாகப் பின்னால் நின்று விசில் ஊதுகிறவர் அவர்தான். கட்டின மனைவியின் குரலைவிட அவர் குரலைத்தான் வேலுமணி அதிகம் கேட்டிருப்பான். படியில் நின்று அவர் ‘சேலம், சேலம்’ என்று கூப்பிட்டால், ஈரோட்டுக்குப் போக நிற்கிறவன்கூட ஒரு நிமிஷம் யோசிப்பான். அந்த மனுஷரின் முகம்தான் இன்றைக்குப் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே ஃப்ளெக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கில் புற்றுநோய் வந்த எங்கள் கண்டக்டருக்கு உதவுங்கள், இன்றைய வசூல் முழுவதும் அவருடைய சிகிச்சைக்கு என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

இந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான்; தர்ம டிரிப் என்பார்கள். யாருக்காவது பெரிய நோய் வந்து குடும்பம் தத்தளித்தால், தனியார் பஸ் முதலாளிகளில் மனசுள்ளவர்கள் ஒருநாள் ஓட்டத்தை அப்படியே கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு டிக்கெட் கிடையாது. எவர்சில்வர் தட்டு ஒன்று சீட்டு சீட்டாகப் போகும். ஏறுகிறவர்கள் முடிந்ததைப் போடுவார்கள். டீசல்கூட முதலாளி செலவு. தங்கமுத்துவே எத்தனையோ பேருக்காகத் தட்டைத் தூக்கியிருக்கிறார். இப்போது அவருக்காக அது சுற்றுகிறது. ரூட்டில் இருக்கிற பூக்காரி முதல் பெட்டிக்கடைக்காரர் வரைக்கும் அது தெரியும். தங்கமுத்துவுக்கு மட்டும் தெரியாது.

பல் குத்தி நாக்கில் புண், சின்னதாக வெட்டித் தையல் போட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவரும் நம்பிக்கொண்டு, சேலம் ஆஸ்பத்திரியில் நாளைக்குப் போய்ச் சேருவதற்குப் பையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். நாக்கில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதும், கண் விழிக்கும்போது அந்தக் குரல் இருக்காது என்பதும் அவர் மனைவி அமுதவல்லி நெஞ்சுக்குள் பூட்டிவைத்திருந்த சங்கதி.

அமுதவல்லியைக் குறை சொல்வது சுலபம். அவளுடைய மாமனாரிடம், அதாவது தங்கமுத்துவின் அப்பாவிடம், இதே நோயை ஒரு புண்ணியவான் நேரடியாகப் போட்டு உடைத்தபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அதற்கப்புறம் ஒரு வாய் சோறு தின்னவில்லை. அந்த மாதம் தாண்டவில்லை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அதனால்தான் முதலாளியையும் வேலுமணியையும் வரவழைத்துக் கற்பூரத்தை ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். வேலுமணியும் அணைத்தான்.

சத்தியத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் ரஞ்சனி. சேலம் அஸ்தம்பட்டியில் புற்றுநோயாளிகளுக்கான உதவி மையம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். காப்பீட்டுக்கு எங்கே எழுதிக் கொடுப்பது, ஆபரேஷனுக்குப் பிறகு குழாய் வழியாக என்ன ஊற்றுவது, கரண்ட் வைக்கிற, அதாவது கதிர்வீச்சு கொடுக்கிற, நாட்களில் சேலத்தில் எங்கே தங்குவது என்று வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூடவே நிற்பாள். ‘பேச்சு போகப்போகுதுன்னு தெரியாம அவர் மயக்க ஊசி போட்டுக்கக் கூடாதுக்கா’ என்று அவள் மன்றாடிப் பார்த்தாள். ‘நீ நாளைக்கு வேற ஊட்டுக்குப் போயிருவ கண்ணு, அவரு போயிட்டா நான் எங்க போவேன்’ என்று கேட்டாள் அமுதவல்லி. விஷயத்தைச் சொல்லாமல் ஆபரேஷன் செய்ய டாக்டர் ஒத்துக்கொள்ளாமல் போனதில், கடைசி நேரத்தில் நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்று அமுதவல்லி தவணை வாங்கியிருந்தாள். ரஞ்சனி தங்கமுத்துவின் கண்ணிலேயே படக்கூடாது என்பது அமுதவல்லி போட்ட இன்னொரு உத்தரவு. இன்றைக்குத் தட்டோடு பஸ்ஸில் வந்திருப்பவளும் இந்த ரஞ்சனிதான்.

எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்திருந்தார்கள். தங்கமுத்துவின் ஊரைத் தாண்டுகிறவரை வண்டி வழக்கம்போல டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தது. திருச்செங்கோட்டு ஸ்டாண்டில்தான் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். ஆள் வீட்டை விட்டு நகரமாட்டார் என்பது அமுதவல்லியின் பொறுப்பு. அந்த ஒன்றுதான் இப்போது கைநழுவிப் போயிருந்தது.

சங்ககிரிக்குள் நுழைகிற இடத்தில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஸ்டாப்பிங்கில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஓரமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புதிதாக முடி வெட்டிய தலையோடு, பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார் தங்கமுத்து.

இன்னும் கொஞ்சம் நெருங்கினால் அவர் முகத்தை அவரே பார்ப்பார். பக்கத்தில் எழுதியிருப்பதையும் படிப்பார். வேலுமணியின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. ஸ்டாப்பிங்குக்கு முன்னால், ஒரு பட்டறை வாசலில், போர்வெல் ரிக் வண்டி ஒன்று சாய்த்த கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் முதுகில் மோதுகிற மாதிரி பஸ்ஸை ஒடித்துக் கொண்டுபோய் நிறுத்தினான். நடுவில் கை நுழைய இடமில்லை; ஃப்ளெக்ஸ் ரிக் வண்டியின் பின்னால் மறைந்துகொண்டது. பஸ்ஸுக்குள் நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு பெரியவர் வேலுமணியின் பரம்பரையையே வைதார்.

“ஜீவா, அண்ணன் நிக்கறாரு. பின்படியில ஏத்து. நான் ரிவர்ஸ் எடுக்கறப்ப முன்னால போய் அந்தப் பேனரை அறுத்து எடுத்துரு.”

தங்கமுத்து ரிக் வண்டியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸின் ஓரமாகவே நடந்து, பழக்க தோஷத்தில் நேராகப் பின்படிக்குப் போனார். ஏறினதும் வழக்கம்போலச் சத்தம் போட்டார்.

“ஏன்டா மணி, ரிக்கு வண்டிக்கு முத்தம் குடுக்கறியா?”

நாக்கு லேசாகக் குழறியது. குரல் மட்டும் பழையபடி முன்கண்ணாடிவரைக்கும் வந்து மோதியது. பின்சீட்டில் ஒருவர் சிரிக்கப்போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜீவா கீழே குதித்து, ரிவர்ஸ் பார்க்கிற சாக்கில் கயிறுகளை அறுத்து, ஃப்ளெக்ஸைச் சுருட்டி டிரைவர் கதவு வழியாக உள்ளே தள்ளினான். வேலுமணி அதைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினான். தங்கமுத்துவின் முகம் அவன் செருப்புக்குக் கீழே நொறுநொறு என்று சத்தம் போட்டது. சீ, என்ன பிழைப்பு இது என்று அவனுக்கே வெறுப்பாக வந்தது.

“நீங்க எங்கீங்ணா இந்தப் பக்கம்?” என்று தலையைத் திருப்பாமலே கேட்டான்.

“ஊட்டுல உக்காந்து எத்தனை நாளைக்குடா டிவியையே பாக்கறது. நாளைக்குப் போய்ப் படுத்தம்னா எப்ப வுடுவாங்களோ. இங்க சங்ககிரியில அக்கா ஊட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு, நம்ம வண்டியில சேலம் வரைக்கும் ஒரு டிரிப்பு போலாம்னு வந்தேன். அமுதாகிட்டச் சொன்னா வுடமாட்டா.”

வண்டி கிளம்பியது. கண்ணாடி வழியாகப் பார்த்தான் வேலுமணி. டிரைவருக்குப் பஸ்ஸுக்குள் இருப்பதெல்லாம் கண்ணாடிக்குள்தான். அங்கே என்ன நடந்தாலும் எழுந்துபோய்த் தடுக்க முடியாது. தங்கமுத்து ஜீவாவின் தோளைத் தட்டுவதும், அவன் கையில் டிக்கெட் புத்தகம் இல்லாததைப் பார்ப்பதும், ரஞ்சனி தட்டைத் துப்பட்டாவுக்குள் மறைப்பதும் தெரிந்தது. தர்ம டிரிப்பில் பழகின ஆளிடம் தட்டை மறைக்க முடியுமா?

“அட, தர்ம டிரிப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு. யாருக்கு?”

திருச்செங்கோட்டில் ஏறிய அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ரஞ்சனிதான் நடுவில் நின்று பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தாளே. வேலுமணி முன்னாலிருந்து கத்தினான்.

“மகுடஞ்சாவடிப் பக்கம் ஒரு பையனுக்குங்ணா. பேரு இனியன்.”

“என்ன நோவு?”

வேலுமணி ‘ரத்தத்துல கேன்சர்’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஜீவா முந்திக்கொண்டான். “நாக்குல கேன்சருங்ணா.”

சொன்ன பிறகுதான் ஜீவாவுக்கு உறைத்தது. சனியன் பிடித்தவன், இருக்கிற உறுப்புகளில் அவனுக்கு வேறு ஒன்று கிடைக்கவில்லை. தங்கமுத்து கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“அட பாவமே. இந்தச் சின்னப் புண்ணுக்கே எனக்கு உசுரு போவுதே. அந்தக் கொழந்தை எப்பிடித் தாங்கும்?” என்றவர், ரஞ்சனியிடம் கை நீட்டினார். “அந்தத் தட்டை இப்பிடிக் குடு கண்ணு. உனக்கு வாயே வரலை. நான் கேக்கறேன் பாரு.”

ரஞ்சனி கொடுக்கவில்லை. அவர் உரிமையோடு வாங்கிக்கொண்டார்.

வேலுமணி அதற்கப்புறம் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். எதிரே வந்த லாரிக்காரன் விளக்கைப் போட்டு எச்சரித்த பிறகு வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் அந்தக் குரல் எழுந்தது.

“ஐயா, அம்மா, சித்த இப்பிடிப் பாருங்க. பையன் பேரு இனியன். நாக்குல கேன்சருங்க. எனக்கும் நாக்குல ஒரு புண்ணு இருக்குதுங்க, பல்லு குத்தி வந்த புண்ணு. அதுக்கே காரம் பட்டா கண்ணுல தண்ணி வருது. ராத்திரி தூக்கமில்லைங்க. அப்பிடின்னா அந்தப் பையன் பாட்டை நெனச்சுப் பாருங்க. உங்க ஊட்டுப் பையனாட்ட நெனச்சுப் போடுங்க.”

கை தட்டுக்குப் போனது, முகம் வேறு பக்கம் போனது. யாரும் அவரை நேராகப் பார்க்கவில்லை. ஏற்கெனவே போட்டவர்கள் மறுபடியும் போட்டார்கள். வேலுமணியின் பரம்பரையை வைத பெரியவர் பையைத் துழாவுவதுபோல் குனிந்து, குனிந்தபடியே இருந்தார். முட்டைக் கூடையை மடியில் வைத்திருந்த சின்னாயி தினமும் இந்த வண்டியில் சேலம் போகிறவள். அவள் பணத்தைத் தட்டில் போடாமல் தங்கமுத்துவின் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“நீ நல்லா இருக்கோணும் சாமி.”

“எனக்கென்ன கேடு ஆயா, அந்தப் பையனைச் சொல்லு” என்று சிரித்தார் தங்கமுத்து. சின்னாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வேலுமணி வண்டியை எங்காவது ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு ஓடிப்போகலாமா என்றுகூட நினைத்தான்.

பாதி வண்டி முடித்த களைப்பில் தங்கமுத்து முன்னால் வந்து, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தார். தட்டு மடியில் இருந்தது.

“அந்தப் பையனுக்கு என்ன பண்ணப்போறாங்களாம்?”

“ஆபரேசனுங்ணா.”

“நாக்கை எடுத்துருவாங்களா?”

“பாதிக்கு மேல.”

“அப்பறம் பேச்சு?”

“பழையபடி வராதாமுங்ணா.”

“பையன் என்ன சொல்றான்?”

“அவனுக்குத் தெரியாதுங்ணா. சொன்னாப் பயந்து சோறு திங்காமப் போயிருவான்னு ஊட்டுல சொல்லலை.” இந்த ஒன்றையாவது பொய் சொல்லாமல் சொல்ல முடிந்ததே என்று வேலுமணிக்கு ஆறுதலாக இருந்தது.

“என்ன மனுசங்கடா இவுங்க?” தங்கமுத்துவின் குரல் உயர்ந்தது. “எந்திரிச்சு அம்மான்னு கூப்படப் பாக்கறப்ப வாயில ஒண்ணுமில்லைன்னா, அப்பப் பயப்பட மாட்டானா? ஊரெல்லாம் தட்டைத் தூக்கிட்டுச் சுத்தறோம். நோவுக்காரனுக்கு மட்டும் தெரியாதா? பேசறதுக்கு அவனுக்கு ஒண்ணுமே இருக்காதா? யாரையாச்சும் வையோணும்னு இருக்கும், யாருகிட்டயாச்சும் மன்னிப்புக் கேக்கோணும்னு இருக்கும். இருக்கற ரெண்டு நாள்ல அதைப் பேசிட்டுப் போவட்டுமேடா.”

“பயந்துக்குவான்னுதானுங்ணா...”

“எங்கப்பன் பயந்துதான் செத்தாரு, எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பயம் அவருது. அதை அவருகிட்ட இருந்து புடுங்கி வெச்சுக்க நாம யாரு?” அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். “மகுடஞ்சாவடில நிறுத்து. நான் எறங்கிக்கறேன். அவுங்க ஊடு எதுன்னு சொல்லு. யாரும் சொல்லலைன்னா நான் சொல்றேன் அந்தப் பையனுக்கு.”

“அண்ணா, வேண்டாமுங்ணா.”

“நிறுத்துடான்னா.”

மகுடஞ்சாவடியின் முதல் வீடுகள் தூரத்தில் தெரிந்தன. வேலுமணி கியரைக் குறைத்தான். இறக்கிவிட்டால் இல்லாத பையனைத் தேடித் தெருத்தெருவாக விசாரிப்பார். யாராவது ஒருவன், நாலு பேருக்கு நடுவில், அவர் பெயரையே அவரிடம் சொல்வான். இன்னொரு பொய் சொல்லலாம். பையன் சேலத்துக்குப் போய்விட்டான் என்று சொன்னால் போதும். அமுதவல்லி கற்பூரத்துக்குப் பக்கத்தில் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது. கண்ணாடியில் ரஞ்சனியின் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் எத்தனை தடவைதான் சொல்வாள்.

மரவள்ளிக் காடு ஒன்றின் ஓரமாக வேலுமணி வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான்.

“இன்னும் ஸ்டாப்பிங் வரலையேடா” என்றார் தங்கமுத்து.

“எறங்க வேண்டாமுங்ணா. அந்தப் பையன் நம்ம வண்டியிலதான் இருக்கான்.”

தங்கமுத்து திரும்பினார். ஒரு பையனைத் தேடி அவர் கண் சீட்டு சீட்டாகப் போனது. கல்லூரிப் பையன்கள் இருவரைப் பார்த்தது, தாண்டியது. எந்த முகமும் இப்போது ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசி சீட்டுவரை போன பார்வை திரும்பி வந்து, மடித்துக் கட்டிய தன் வேட்டியில், கையிலிருந்த தட்டில் நின்றது.

வேலுமணி சீட்டுக்கு அடியிலிருந்த ஃப்ளெக்ஸை எடுக்கக் குனிந்தான். “வேண்டாம்” என்றார் அவர்.

தட்டை இன்ஜின் பெட்டிமேல் வைத்துவிட்டு இறங்கிப்போய் மரவள்ளிக் காட்டைப் பார்த்து நின்றார். வேலுமணியும் ரஞ்சனியும் பின்னாலேயே போனார்கள். அவருக்குத் தோள் குலுங்கியது. வேலுமணி தொட்டபோது கையைத் தட்டிவிட்டார்.

“என்னையவே எனக்குப் பிச்சை எடுக்க வுட்டுட்டியேடா.”

“கற்பூரம் அணைச்சுட்டனுங்ணா” என்று வேலுமணி அழுதான். சின்னப் பையன் மாதிரி, ரோட்டோரம் என்றுகூடப் பார்க்காமல் அழுதான்.

ரஞ்சனி முன்னால் வந்து தான் யாரென்று சொன்னாள். தங்கமுத்து அவளிடம் கேட்டார். “சுத்தமாப் பேச்சு வராதா கண்ணு?”

“வரும் சார், பழகப் பழகக் கொஞ்சம் வரும். வீட்ல இருக்கறவங்களுக்குப் புரியும். ஆனா இந்தக் குரல் இருக்காது.” அவள் சுற்றி வளைக்கவில்லை. “உங்களுக்கு வேண்டாம்னாலும் சொல்லலாம். தள்ளிப் போடணும்னாலும் நான் டாக்டர்கிட்ட கேக்கறேன். ரொம்ப நாள் தள்ள முடியாது.”

அவர் தலையசைத்துவிட்டு வேலுமணியின் போனை வாங்கினார். அமுதவல்லி முதல் மணியிலேயே எடுத்தாள்.

“நான்தான். வண்டியிலதான் இருக்கறேன். அழுவாத... எல்லாந் தெரியும்... யாரும் சொல்லலை, நானாத்தான் கேட்டேன்... சோத்தை ஆக்கி வெய்யி. சாயங்காலம் வந்து திங்கறேன். உன்னைய வையறதுக்கு நெறைய இருக்குது, ஊட்டுக்கு வந்து வையறேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்து முகத்தை வேட்டித் தலைப்பால் துடைத்தார். பின்னால் இன்னொரு சேலம் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

“டைம் போவுது. வண்டியை எடு” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போனார்.

மகுடஞ்சாவடி ஸ்டாப்பிங்கில் கூட்டம் இருந்தது. “கொண்டலாம்பட்டி, சேலம், சேலம், சேலம்” என்று அவர் கூப்பிட்டது டீக்கடைக்கு உள்ளே இருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. கைக்குழந்தையோடு ஏறின ஒருத்தி சில்லறையை நீட்டினாள்.

“சேலம் ஒண்ணு குடுங்க.”

“இன்னைக்கு டிக்கெட் இல்லம்மா. தர்ம டிரிப்பு. முடிஞ்சதைத் தட்டுல போடு.”

“யாருக்குங்க?”

வேலுமணி கிளட்சை மிதித்தபடி கண்ணாடியைப் பார்த்தான். அத்தனை பேருக்காகக் கேட்ட வாய் இப்போது மூடிக்கொண்டிருந்தது. ஜீவா முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தான். தங்கமுத்து அவன் மார்பில் கை வைத்து நிறுத்தினார்.

“எனக்குத்தாம்மா” என்றார்.

அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு தட்டில் போட்டாள். பின்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது. வேலுமணி வண்டியை எடுத்தான்.